இன்னொரு சிஸ்டர்

அந்த வீட்டு மாடிப்படி, வீட்டுக்கென்று கட்டிய படி மாதிரி இல்லை. ஒரு கட்டிலை ஆட்கள் தூக்கிக்கொண்டு தாராளமாகத் திரும்பலாம், அத்தனை அகலம். மருந்துப் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு ஏறும்போதே நர்ஸ் அதைக் கவனித்தாள். மேலே கதவும் அப்படித்தான், பெரிய இரட்டைக் கதவு. வெயில் இறங்கத் தொடங்கியிருந்த நேரம். தெருவின் ஸ்கூட்டர் சத்தம் பாதிப் படி வரைக்கும் கூடவே வந்தது. அதற்கு மேல், யாரோ வாயைப் பொத்தியது போல நின்றுவிட்டது.

மணியை அழுத்திய கையை எடுப்பதற்குள் கதவு திறந்தது. உள்ளே யாரும் நடந்து வந்த சத்தமே கேட்கவில்லை.

திறந்தவள் சின்ன வயதுப் பெண். நர்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். பிறகு வாசலில் கழற்றி விட்டிருந்த செருப்பைப் பார்த்தாள்.

"கார்டு இருக்கா?" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு, மிச்ச நாள் மருந்தை வீட்டிலேயே டிரிப்ஸாக ஏற்ற ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்றில் நர்ஸுக்கு வேலை. இந்த வேலையில் வாசலில் கிடைக்கும் வரவேற்பு எல்லாம் அவளுக்குப் பழக்கம். சில வீட்டில் நாய் வரவேற்கும், சில வீட்டில் மாமனார் வரவேற்பார், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் செருப்பை இப்படி உற்றுப் பார்த்தவர்கள் யாருமில்லை. கார்டை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழி விட்டாள்.

நோயாளி அவளுடைய மாமியார். ஓய்வு பெற்ற டிராயிங் டீச்சர். செருப்பைத் துளைத்து ஏறிய ஓர் ஆணி குதிகால் எலும்பு வரைக்கும் போய்ச் சீழ் வைத்துவிட்டது. மாத்திரைக்கு மசியவில்லை. வாரக்கணக்கில் மருந்தை ரத்தத்திலேயே ஏற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"வாங்க சிஸ்டர்," என்றார் டீச்சர் கட்டிலிலிருந்தபடியே. "என்னைப் பாக்க வர்றவங்கள்ல பாதிப் பேரு ஊசியோட வர்றாங்க, மீதிப் பேரு அட்வைஸோட வர்றாங்க. ஊசியே பரவாயில்ல."

நர்ஸுக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

டீச்சரின் இடது மேல்கையில், தோலுக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்திருந்தது. வெளியே தெரிவது கொஞ்சம்தான். மீதி முழுக்க நரம்புக்குள்ளேயே ஓடி, தோளைத் தாண்டி, இதயத்துக்குச் சற்று மேலே போய் நிற்கும். அடிக்கடி கையைக் குத்த வேண்டியதில்லை, அதுதான் சௌகரியம். சௌகரியத்துக்கு விலையாகக் கவனமும் வேண்டும். அழுக்குக் கை பட்டால் கிருமி நேராக நெஞ்சுக்குப் போகும். குழாய்க்குள் காற்று புகுந்தாலும் அப்படித்தான். குழாய் வெளியே நழுவினால் மருந்து வேறெங்கோ இறங்கும். உள்ளே நழுவினால் இதயத்தைப் போய்த் தொடும். அதனால் ஒவ்வொரு முறையும் தோலுக்கு வெளியே எவ்வளவு நீளம் இருக்கிறது என்று பார்ப்பது நர்ஸின் வழக்கம். குழாயிலேயே சென்டிமீட்டர் கோடு போட்டிருக்கும்.

ஆறு. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதுதான்.

கையைக் கழுவி, உறை மாட்டி, குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் தேய்த்துத் துடைத்து, உப்புத் தண்ணீர் செலுத்திப் பார்த்துவிட்டு மருந்துப் பையை இணைத்தாள். மாட்ட இடம் தேடி அண்ணாந்தபோது, கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஒரு கொக்கி இருந்தது. சரியான உயரம், சரியான இடம்.

"இது உங்களுக்காகவே அடிச்ச மாதிரி இருக்கே," என்றாள்.

"நாங்க அடிக்கல," என்றாள் மருமகள், கதவோரமிருந்து. அவள் எப்போது வந்து நின்றாள் என்று நர்ஸுக்குத் தெரியவில்லை.

"எங்க வீட்டுப் பூனை," என்று சிரித்தார் டீச்சர். "வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது."

மருமகள் சிரிக்கவில்லை. மருந்து இறங்கி முடியும் வரை அங்கேயே நின்றாள். அவள் கண் டீச்சர் மேல் இல்லை, குழாய் மேல் இருந்தது.

*

மறுநாள் டீச்சரின் கையைப் பார்த்ததும் நர்ஸ் நின்றுவிட்டாள்.

அவள் ஒட்டிவிட்டுப் போன, கண்ணாடி மாதிரித் தெரியும் ஒட்டுத்தாள் அங்கே இல்லை. அதற்குப் பதிலாகச் சதுரமாக மடித்த துணி, சுற்றிலும் வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி. பிளாஸ்திரியின் ஓரம் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. ஆனால் ஒட்டியிருந்த நேர்த்தி! ஒரு சுருக்கம் கிடையாது. தோலை இழுக்காமல், முடியில் சிக்காமல், நாலு பக்கமும் அளவெடுத்தது போல. ரொம்ப நாள் கை பழகியவர்களால்தான் இப்படி ஒட்ட முடியும்.

"யாரு மாத்தினது டீச்சரம்மா?"

"மதியம் வந்தாங்களே, இன்னொரு சிஸ்டர்."

"எங்க ஆபீஸ்லருந்தா?"

"அதெல்லாம் கேக்கல. பேசவே மாட்டேங்கறாங்க. 'இன்னும் கொஞ்சம்தான்மா, இன்னும் கொஞ்சம்தான்'னு அது மட்டும் சொல்றாங்க. கை மட்டும் ஐஸ் மாதிரி. ஆனா நல்ல கை. சொன்னா கோச்சுக்காதீங்க, உங்க கையைவிட நல்ல கை."

நர்ஸ் திரும்பினாள். மருமகள் கதவோரம் நின்றிருந்தாள்.

"யாரும் வரல," என்றாள். யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

நர்ஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். இந்த வீட்டுக்கு அவளைத் தவிர யாரையும் அனுப்பவில்லை. குப்பைக் கூடையில் பழைய ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பார்த்தாள்; வெறும் வெள்ளரிக்காய்த் தோல். பிளாஸ்திரியை உரித்துவிட்டு நீளம் பார்த்தாள்.

ஐந்து.

கை மடங்கி நிமிரும்போது கொஞ்சம் நகரக்கூடும். ஆனால் அனேகமாக வெளியே வரும். உள்ளே போவது அபூர்வம். யாராவது தள்ளினாலொழிய.

"நீங்க நர்ஸிங் ஏதாவது படிச்சிருக்கீங்களாம்மா?" என்று மருமகளிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கிளினிக்ல வேலை பாத்தேன். ரிசப்ஷன்ல."

ரிசப்ஷனில் இருந்தவள் பிளாஸ்திரி போடுவதை ஆயிரம் தடவை பார்த்திருப்பாள். நர்ஸ் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

போகும் வழியில் தெருமுனை மருந்துக்கடையில் நின்றாள். உறையில் போட்டுக் கொண்டுவந்த பிளாஸ்திரியைக் காட்டி, "இது உங்க கடையில விக்கிறீங்களா?" என்றாள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வர்றது நின்னு எத்தனையோ வருஷமாச்சே. எங்க கிடைச்சுது?"

வீட்டைச் சொன்னாள். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"அந்த மாடி முன்னாடி நர்ஸிங் ஹோமா இருந்துச்சு. சின்னதுதான். இங்கருந்துதான் மருந்து போகும். அங்க ஒரு சிஸ்டர் இருந்தாங்க. எப்பேர்ப்பட்ட கையிலயும் நரம்பு கண்டுபிடிச்சிருவாங்க. வைத்தியம் பாத்துக்கிட்டவங்க யாரும் அவங்களைப் பத்திக் குறை சொன்னதில்ல."

"அவ்வளவு நல்லவங்களா?"

"குறை சொல்ல யாரும் திரும்பி வரல," என்றார். பிறகு, இன்னொருவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

நர்ஸ் சிரித்துக்கொண்டாள். கடைக்காரர்கள் பேச்சு இப்படித்தான். ஆனால் ஒன்று தெளிவாயிற்று. அந்த வீட்டுப் பரணில் எங்கேயோ பழைய நர்ஸிங் ஹோம் சாமான் கிடக்கிறது. அதை யாரோ எடுத்துப் புழங்குகிறார்கள். பகலில் அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருத்தரால் எழுந்து நடக்க முடியாது.

*

அடுத்த முறை போனபோது டீச்சரின் மகனும் வீட்டில் இருந்தான். பஸ் டிப்போவில் வேலை, அன்று விடுமுறை. நர்ஸ் டீச்சரின் கையை எடுத்துப் பார்த்தாள். மேல்கை முழுக்க அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு நிற டேப். சுற்றிச் சுற்றி, ஏனோதானோவென்று, பதற்றத்தில் ஒட்டியது போல. அதற்கு மேல் தாவணிக் கிழிசலால் ஒரு கட்டு வேறு.

"இது யாரு வேலை?"

"நான்தான்," என்றாள் மருமகள்.

"ஏம்மா? இதுல கை வைக்கவே கூடாதுன்னு முதல் நாளே சொன்னேன்ல?"

"நகருது சிஸ்டர்."

"எது நகருது?"

மருமகள் கணவனைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். 

டேப்பை உரிக்க நேரம் பிடித்தது. தோல் சிவந்திருந்தது. நீளம் மூன்று.

"நெஞ்சுக்குள்ள ஏதோ மீன் துள்ளுற மாதிரி இருக்கு சிஸ்டர்," என்றார் டீச்சர். குரலில் வழக்கமான கேலி இல்லை. நாடியைப் பிடித்தாள். ஓடி, நின்று, தடுக்கி, மறுபடி ஓடியது.

அன்றைக்கு டிரிப்ஸ் போடவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எக்ஸ்ரேயில் குழாயின் நுனி இதயத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் அதைப் பழைய இடத்துக்கு வெளியே இழுத்து நிறுத்தினார். குழாயைத் தோலோடு பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பூட்டு ஒன்றையும் மாட்டினார். வேறு நரம்பெல்லாம் ஏற்கெனவே வீணாகியிருந்தது, மருந்தும் பாதிதான் ஆகியிருந்தது. அதனால் குழாயை எடுத்துவிட அவருக்கு மனமில்லை.

நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டார். "வெளிய வந்ததை உள்ள தள்ளினா கிருமியும் சேர்ந்து உள்ள போகும். இது தானா போன மாதிரி எனக்குத் தெரியல. வீட்ல யாரு இருக்காங்கன்னு கொஞ்சம் பாருங்க."

நர்ஸ் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள்.

வீடு திரும்பியதும் மருமகள் அவளைச் சமையலறைக்குள் இழுத்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குக் கீழே பேசினாள்.

"சிஸ்டர், நான் மதியம் தூங்குறதே இல்ல. கண்ணை அசந்தா வந்துடறா. நான் முழிச்சுக்கிட்டு அத்தை கையைப் புடிச்சிருந்தா வரமாட்டா. அதான் டேப் ஒட்டினேன்."

"யாரு வர்றா?"

"முகத்தைப் பாத்ததில்ல. முதுகுதான் தெரியும். அத்தை மேல குனிஞ்சிருப்பா. நடந்தா சத்தமே வராது. முதல் நாள் உங்க காலைப் பாத்தேன்ல, அதுக்குத்தான்."

நர்ஸ் அவள் முகத்தையே பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். உதட்டோரம் வெடித்திருந்தது. தூக்கமில்லாதவள் முகம். குற்றம் செய்தவள் முகமும் இப்படித்தான் இருக்கும். பூனை, பூனை என்று நாள் முழுக்கக் கிண்டல் கேட்டுக்கொண்டு இருப்பவளுக்கு உள்ளே என்ன புகையுமோ, யார் கண்டது?

"இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னார். அத்தையை இல்ல. என்னை."

நர்ஸ் அன்று மாலையே மகனிடம் பேசினாள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னாள். டேப்பைச் சொன்னாள். பழைய பிளாஸ்திரியைச் சொன்னாள். கூட்டிக் கழித்துப் பார்ப்பதை அவனிடமே விட்டுவிட்டாள். அவன் முகம் மெல்ல மெல்ல இறுகியது. அடுத்த அறையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது, பிறகு அலமாரி திறக்கும் சத்தம்.

ஒரு பையோடு மருமகள் வாசலுக்கு வந்தாள். கணவன் ஸ்கூட்டரைக் கிளப்பக் கீழே போயிருந்தான். அவள் அழவில்லை. நர்ஸின் பக்கத்தில் வந்ததும் ஒரு கணம் நின்றாள்.

"மதியம் மட்டும் அவங்க கையை விட்டுடாதீங்க," என்றாள்.

அகலமான அந்தப் படியில் அவள் இறங்கிப் போனாள். இந்த முறை காலடிச் சத்தம் நன்றாகக் கேட்டது. நர்ஸுக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

*

மறுநாள் மதியம் நர்ஸ் வேறொரு வீட்டில் ஒரு பெரியவருக்குக் காலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. மருமகள்.

"சிஸ்டர், நான் எங்க அம்மா வீட்ல இருக்கேன். என் மேல சந்தேகம்னா இருக்கட்டும். அவரு லீவு போட்டுட்டு அத்தைகூட இருக்கேன்னார். காலையிலருந்து ரெண்டு தடவை பேசினார். இப்ப எடுக்கவே மாட்டேங்கறார்."

"தூங்கியிருப்பாரும்மா."

"அதைத்தான் சொல்றேன்," என்றாள் அவள்.

நர்ஸ் கட்டை முடித்தாள். பெட்டியை எடுத்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும், "கொஞ்சம் சீக்கிரம் போங்க," என்றாள்.

தெருவில் பட்டப்பகல் வெயில். மருந்துக்கடைக்காரர் நிழலில் உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். படியேறினாள். பாதியில் சத்தமெல்லாம் நின்றது.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

கூடத்து நாற்காலியில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்திருந்தது. போன் மடியில் ஒளிர்ந்து அணைந்தது. அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். மயக்க மருந்து கொடுக்கப்பட்டவன் போலக் கிடந்தான்.

வாடை வந்தது.

ஸ்பிரிட். அவளுக்குப் பிடித்தமான, தினமும் தன் கையிலேயே மணக்கும் வாடைதான். ஆனால் இதற்கு அடியில் வேறொன்று இருந்தது. மூடியே வைத்திருந்த அறையில் நாள்பட்ட குளுக்கோஸ் சிந்திப் புளித்த நெடி.

உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

மெல்லிய குரல். பரிவான குரல். ஆயிரம் தடவை அவளே பேசியிருக்கிற குரல்.

"இன்னும் கொஞ்சம்தான்மா. இன்னும் கொஞ்சம்தான்."

நர்ஸ் கதவைத் தள்ளினாள்.

அறையில் டீச்சரைத் தவிர யாரும் இல்லை. அவர் படுத்துக்கொண்டு, இடது கையை வெளியே நீட்டியிருந்தார். அந்தக் கை மெத்தையில் படவில்லை. கீழே யாரோ தாங்கிப் பிடித்திருப்பது போல, அசையாமல் அந்தரத்தில் நின்றது. முகத்தில் சின்னப் புன்னகை. டாக்டர் மாட்டிய பிளாஸ்டிக் பூட்டு, கழற்றப்பட்டு, பக்கத்துத் தட்டில் ஒரு துணித் துண்டின் மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

குழாய் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வேகமாக இல்லை. நிதானமாக, ஊசிக் காதில் நூல் கோப்பது போல.

கொஞ்சம் போகும். நிற்கும். மறுபடி கொஞ்சம்.

நர்ஸ் எப்படிக் கட்டிலை அடைந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வெளியே மிச்சமிருந்த துண்டை இரண்டு விரலால் பிடித்தாள். அடுத்த கணம் விரல் தோலை நோக்கி இழுபட்டது. மறுபக்கம் யாரோ இருந்தார்கள். பலமாக இழுக்கவில்லை, அவசரமில்லாத, நிச்சயமான இழுப்பு. குழாயின் முனையிலிருந்த மூடி தோலில் போய் அழுந்தியது. தோல் குழிந்தது.

"விடு," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. 

அப்போது அவள் புறங்கையில் ஒன்று பட்டது.

ஜில்லென்ற விரல்கள்.

தட்டின. மெதுவாக, இரண்டு விரலால், தட்டித் தட்டிப் பார்த்தன. நரம்பு எழும்ப வேண்டும் என்பதற்காக நர்ஸுகள் தட்டுவது போல.

அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் முடிந்துபோகும் என்று தெரிந்தது. மறு கையால் டீச்சரின் கையை இறுகப் பிடித்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

டீச்சர் கண்ணைத் திறந்தார். நர்ஸைப் பார்த்தார். பிறகு நர்ஸின் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காதீங்க சிஸ்டர்," என்றார், தூக்கக் கலக்கத்தில்.

நர்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்க்காமலே கத்தினாள். மகன் பெயரைக் கத்தினாள், பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள், தன் அம்மாவைக் கூப்பிட்டாள். கூடத்தில் நாற்காலி சாயும் சத்தம் கேட்டது. மகன் அறைக்குள் ஓடிவந்தான். அந்த நிமிஷத்தில் குழாய் தளர்ந்தது. டீச்சரின் கை திடீரென்று கனத்து அவள் மடியில் விழுந்தது.

*

ஆம்புலன்ஸிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, டாக்டர் வந்து குழாயை உருவி எடுக்கும்வரை நர்ஸ் அந்தக் கையை விடவில்லை. டீச்சரின் இதயம் தறிகெட்டு ஓடியது. இரண்டு முறை நின்றுவிடும் போல ஆகி, பிறகு தன் வழிக்கு வந்தது. டாக்டர் உருவிய குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடைசல் எதுவும் இல்லை. நீளமும் சரியாக இருந்தது. அதன் நுனி மட்டும் மெல்ல வளைந்திருந்தது, விரலில் சுற்றிக்கொண்ட நூல் மாதிரி. "இப்படி நான் பாத்ததில்ல," என்றார். 

டீச்சர் பிழைத்துக்கொண்டார். மீதி மருந்தை ஆஸ்பத்திரியிலேயே ஏற்றினார்கள். மகன் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, ஊரின் மறுகோடியில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்தான். கதவு குறுகலாக இருந்தது. சக்கர நாற்காலி நுழையவில்லை. பரவாயில்லை, நான் தூக்கிக்கொள்கிறேன் என்றான்.

மனைவியைக் கூப்பிட அவன் போனபோது நர்ஸும் கூடப் போனாள். மன்னிப்பு என்று ஆரம்பித்ததும் மருமகள் தடுத்துவிட்டாள்.

"சந்தேகப்பட்டது தப்பில்ல சிஸ்டர்," என்றாள். "ஆளைத்தான் மாத்திட்டீங்க."

பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். புது வீட்டில் டீச்சர் அவளைப் பூனை என்று கூப்பிடுவதை விட்டுவிட்டதாக நர்ஸ் கேள்விப்பட்டாள். மதியம் இருவரும் ஒரே கட்டிலில், கையைக் கோத்துக்கொண்டு படுக்கிறார்களாம். மகனுக்கு இதைச் சொல்லும்போது சிரிப்பு வந்தது. நர்ஸுக்கு வரவில்லை.

அவள் கொஞ்ச நாள் வேலைக்குப் போகவில்லை. புறங்கையில், தட்டிய இடத்தில், வெயிலில் நின்றாலும் குளிர் போகவில்லை. அது மனப்பிரமை என்று கணவர் சொன்னார். தொட்டுப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் சொல்லவில்லை. வீட்டில் எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது? அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். சுலபமான வேலை, புது அடுக்குமாடி, லிஃப்ட் இருக்கிறது என்றார்கள். சரி என்றாள்.

அது நிஜமாகவே நல்ல வீடு. பெயிண்ட் வாசம் மாறாத சுவர். ஜன்னல் முழுக்கக் காலை வெயில். பக்கத்து வீட்டில் யாரோ மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நோயாளி ஓய்வு பெற்ற லாரி டிரைவர். கதவைத் திறந்த மகள், நர்ஸ் உள்ளே வந்த பிறகும் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அப்புறம்தான் சாத்தினாள்.

"உக்காருங்க ஐயா, சின்ன ஊசிதான்," என்றாள் நர்ஸ், பெட்டியைத் திறந்துகொண்டே. "கையை நீட்டுங்க."

பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். ஒரு பக்கம் மட்டுமில்லை, இரண்டு பக்கமும் மடித்து, இரண்டு கையையும் நீட்டினார்.

"எதுக்கு ஐயா ரெண்டு கையும்? ஒரு கை போதும்."

"அப்படியா?" என்றார் அவர். அவளைப் பார்த்தார், பிறகு அவளுக்குப் பக்கத்தில் பார்த்தார். "ரெண்டு பேரு வந்திருக்கீங்களேன்னு நெனச்சேன்."

நர்ஸ் அவருடைய வலது கையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, நரம்பு எழும்ப முழங்கைக்கு மேல் இறுக்கும் ரப்பர் கட்டைத் தேடிப் பெட்டிக்குள் கையை விட்டாள். கட்டு கையில் அகப்பட்டது. அதை எடுத்து நிமிர்ந்தாள்.

எதுவும் கட்டாத, யாரும் தொடாத அந்த இடது கையில், நரம்பு மெல்லப் புடைத்து எழுந்துகொண்டிருந்தது.